சங்கம் வைக்க ஒரு தேர்தல்: அமெரிக்கத் தொழிலாளர் உரிமை நடந்து வந்த பாதை

2022 ஏப்ரல் 1. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருக்கும் அமேசான் கிடங்கில் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டன. சங்கம் வேண்டும் என்று 2,654 பேர், வேண்டாம் என்று 2,131 பேர். அமெரிக்காவில் அமேசான் கிடங்கு ஒன்றில் சங்கம் ஜெயித்தது அதுவே முதல்முறை. உலகம் முழுக்கச் செய்தியானது.

ஆலை வாசலில் வரிசையாகக் கொடிக்கம்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் செய்தியில் ஒன்று இடிக்கும். சங்கம் வைக்க எதற்குத் தேர்தல்? இந்தியாவின் 1926 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. 2001 திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் இறுகியது என்றாலும், ஒரே ஆலைக்குள் நாலு கட்சிக்கு நாலு சங்கம் என்பது நமக்குப் பழகிய காட்சி.

அமெரிக்காவில் கணக்கே வேறு. ஓர் இடத்தில் வேலை செய்பவர்களில் 30 சதவீதம் பேர் சங்கம் வேண்டும் என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் என்ற அரசு அமைப்பு அங்கே தேர்தல் நடத்தும். பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைத்தால், அந்தச் சங்கம் மட்டுமே அங்கிருக்கும் எல்லோருக்காகவும் பேசும். எதிர்த்து வாக்களித்தவருக்கும் சேர்த்துத்தான். தோற்றால் ஓராண்டுக்கு அடுத்த தேர்தல் கிடையாது. சரி, ஜெயித்துவிட்டால்? நிர்வாகம் நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதையாவது ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஸ்டேட்டன் தீவில் அதுதான் நடந்தது. தேர்தல் முடிவை எதிர்த்து நிறுவனம் சட்டப்படி இழுத்தது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஒப்பந்தம் வராமல், 2024 ஜூனில் அந்தச் சிறிய சங்கம் டீம்ஸ்டர்ஸ் என்ற பெரிய சங்கத்தோடு சேர்ந்துகொண்டது.

அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை வீரக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு, துரோகக் கதையாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் வேண்டிய சரக்கு அதில் இருக்கிறது. ஆனால் அந்த வரலாறு எனக்குப் பிடிபட்டது சட்டத்தின் வழியாகத்தான். யார் வேலையை நிறுத்தலாம், யாருக்காக நிறுத்தலாம், நிறுத்தினால் திரும்பி வரும்போது வேலை இருக்குமா? இருநூறு ஆண்டுகளாக அங்கே சண்டை இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான். கூலிச் சண்டை அதற்குள் அடக்கம்.

ஆரம்பத்தில் சங்கமே குற்றம். 1806 இல் பிலடெல்பியாவின் செருப்புத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுக் கூட்டாக வேலையை நிறுத்தியதற்காகக் குற்றச்சதி வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவன் தனியாகக் கூலி கேட்டால் பேரம், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் சதி! 1842 இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம்தான் சங்கம் சேர்வது தன்னளவில் சதியாகாது என்று சொன்னது. இதற்கிடையில் அதே மாநிலத்தின் லோவல் நகரப் பருத்தி ஆலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் 1834 இலும் 1836 இலும் வேலையை விட்டு வீதிக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்கச் சங்க வரலாறு என்றால் சுத்தியல் தூக்கிய ஆண்கள் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தறிப் பெண்கள் அவர்களுக்கு முன்பே வந்தவர்கள்.

எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று நாடெங்கும் லட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்தியதும், சிகாகோவில் மே 3 அன்று போலீஸ் சுட்டதும், மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்ததும் நமக்குத் தெரிந்த கதை. குண்டு வீசியது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நினைவோடு 1889 இல் பாரிஸில் கூடிய சோஷலிஸ்டுகள் மே 1 ஐ உலக நாளாக்கினார்கள். 1923 இல் சிங்காரவேலர் சென்னையில் செங்கொடி ஏற்றி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஆனால் அமெரிக்காவில் மே 1 சாதாரண வேலைநாள். அங்கே தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கள். அந்த விடுமுறைச் சட்டத்தில் ஜனாதிபதி கிளீவ்லாந்து கையெழுத்துப் போட்டது 1894 ஜூன் 28. அந்த வாரத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் சுவாரசியம்.

ரயிலில் படுக்கை வசதிகொண்ட சொகுசுப் பெட்டிகளைச் செய்து பணக்காரரானவர் ஜார்ஜ் புல்மன். சிகாகோவுக்குத் தெற்கே 1880 இலிருந்து தன் பெயரிலேயே ஓர் ஊரைக் கட்டினார். வீடு, கடை, நூலகம், தேவாலயம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். தேயிலைத் தோட்ட லயன்களையும் கம்பெனிக் கடையையும் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே புரியும், வீடுகள் மட்டும் அங்கே கொஞ்சம் அழகு. 1893 இல் பொருளாதாரம் சரிந்ததும் புல்மன் கூலியை ஏறக்குறைய கால்வாசி வெட்டினார். வாடகையை ஒரு காசு குறைக்கவில்லை. கூலி கொடுப்பது முதலாளி, வாடகை வாங்குவது வீட்டுக்காரர், இரண்டும் வேறு வேறு கணக்கு என்பது அவர் வாதம். இரண்டும் அவரேதான்!

1894 மே 11 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம் ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி இணைத்த எந்த ரயிலையும் தொட மாட்டோம் என்றது. ஓர் ஊரின் சண்டை 27 மாநிலங்களில் ரயில்களை நிறுத்திவிட்டது. அரசு தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் ஓல்னி முன்பு ரயில்வே கம்பெனிகளுக்கு வக்கீலாக இருந்தவர். தபால் தடைபடுகிறது என்று காரணம் காட்டி நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர் ஆல்ட்கெல்ட் வேண்டாம் என்று சொல்லியும் மத்திய அரசு ராணுவத்தை இறக்கியது. ஹேமார்க்கெட் வழக்கில் சிறையில் இருந்த மூவரை முந்தைய ஆண்டுதான் மன்னித்து விடுவித்தவர் இதே ஆல்ட்கெல்ட். சிகாகோவில் சுமார் 30 பேர் செத்தார்கள். தடையாணையை மீறியதற்காக டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. தொழிலாளருக்குத் தனி விடுமுறை கொடுத்த கையெழுத்தும் தொழிலாளரைச் சுட ராணுவத்தை அனுப்பிய உத்தரவும் ஒரே வார வேலை.

புல்மன் 1897 இல் செத்தபோது, தொழிலாளர்கள் கல்லறையைத் தோண்டிவிடுவார்களோ என்ற பயத்தில் சவப்பெட்டிக்கு மேல் கான்கிரீட்டும் இரும்பும் போட்டு மூடினார்கள்.

போலீஸ் தடியைவிட மலிவான ஆயுதம் தடையாணை என்று இதில் முதலாளிகள் கற்றுக்கொண்டார்கள். ஒரு நீதிபதியின் கையெழுத்துப் போதும். வேலைநிறுத்தம் செய்பவன் சட்டத்தை மீறினானா என்று ஜூரி பார்க்க வேண்டியதில்லை, நீதிமன்ற அவமதிப்பு என்று உள்ளே தள்ளலாம். சென்னைக்கும் இந்த ஆயுதம் வந்தது. 1920 இல் பின்னி ஆலை நிர்வாகம், பி.பி.வாடியா உள்ளிட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. அந்த அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைதான் 1926 சட்டத்தில் போய் முடிந்தது.

அமெரிக்க நீதிமன்றங்கள் சங்கத்தை மட்டும் அல்ல, தொழிலாளருக்காகச் சட்டமன்றங்கள் போட்ட சட்டங்களையும் அடித்தன. ரொட்டிக்கூடத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று நியூயார்க் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1905 இல் ரத்து செய்தது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் கெடுகிறதாம். குழந்தைத் தொழிலாளர் செய்த பொருளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை விதித்த 1916 சட்டத்துக்கும் 1918 இல் அதே கதி.

இந்தச் சுதந்திரத்தின் விலை என்ன என்று 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரம் நேரில் பார்த்தது. டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி ஒரு கட்டடத்தின் 8, 9, 10 ஆம் மாடிகளில் இருந்தது. தீப்பிடித்தபோது 9 ஆம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகக் கூடாது, நடுவில் யாரும் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பூட்டும் வழக்கம். தீயணைப்பு ஏணி 6 ஆம் மாடிவரைதான் எட்டியது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த யூத, இத்தாலிய இளம்பெண்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு இதே தொழிலில் 20,000 பெண்கள் ஸ்டிரைக் செய்திருந்தார்கள், டிரையாங்கிள் பெண்களும் அதில் இருந்தார்கள். கம்பெனி அசையவில்லை. முதலாளிகள் இருவரும் குற்ற வழக்கில் விடுதலையானார்கள். 1914 இல், வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர் கிடைத்தது.

ஜன்னலிலிருந்து பெண்கள் குதித்ததைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற சமூகப் பணியாளரும் ஒருவர். 1933 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறைச் செயலாளர் ஆக்கினார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம், குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழில் தடை எல்லாம் 1938 இல் ஒரே சட்டமாக வந்ததில் அவர் பங்கு பெரியது. முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட்.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 1935 ஜூலையில் வந்ததுதான் வாக்னர் சட்டம். தொடக்கத்தில் சொன்ன தேர்தல், வாரியம், கூட்டுப்பேரம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. சங்கம் சேர்ந்தவனை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்றும் அது சொன்னது. அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்ததிலேயே பெரிய சட்டம் அதுதான். ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்திவிட்டு எழுதப்பட்டது. தென் மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளையும் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தென்னக உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் ரூஸ்வெல்ட்டின் சட்டம் எதுவும் நகராது. எந்தச் சாதிக்காரர் செய்யும் வேலை எந்தச் சட்டத்துக்கு வெளியே விடப்படுகிறது என்று கவனித்துப் பழகிய நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

சட்டம் வந்ததும் முதலாளிகள் பணிந்துவிட்டார்களா என்றால், இல்லை. உச்ச நீதிமன்றம் இதையும் ரத்து செய்துவிடும் என்று காத்திருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டரை ஆண்டில் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலரை உளவாளிகளுக்கே செலவழித்தது என்று செனட் குழு ஒன்று பின்னால் கண்டுபிடித்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் யார் சங்கத்தில் சேர்ந்தாலும் மேலே தகவல் போய்விடும்.

1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட்டின் ஃபிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், வீட்டுக்குப் போகவில்லை. எந்திரங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளிருப்புப் போராட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். யோசித்துப் பார்த்தால் எளிய தந்திரம். வாசலில் நிற்பவனைப் போலீஸ் அடித்து விரட்டலாம், கருங்காலிகளை உள்ளே விட்டு ஆலையை ஓட்டலாம். உள்ளே இருப்பவனை அடித்தால் கம்பெனியின் எந்திரமும் உடையும். கார் உடலை அழுத்தி வார்க்கும் விலை உயர்ந்த அச்சுகள் அங்கே இருந்தன. அவை இல்லாமல் மற்ற ஊர்களிலும் உற்பத்தி நின்றுவிடும்.

உள்ளே ஒரு சின்ன ஊரே நடந்தது. மது கூடாது, தினமும் தரையைப் பெருக்க வேண்டும், முறை வைத்துக் காவல். தவறு செய்தவர்களை விசாரிக்கத் தாங்களே ஒரு விளையாட்டு நீதிமன்றம் வைத்துக்கொண்டார்கள். காரின் இருக்கை மெத்தையில் படுத்தார்கள். நிஜ நீதிமன்றம் வெளியேறச் சொல்லி உடனே தடையாணை கொடுத்தது. கொடுத்த நீதிபதி எட்வர்ட் பிளாக்கின் கையில் ஜெனரல் மோட்டார்ஸின் 3,000-க்கும் மேற்பட்ட பங்குகள் இருப்பது தெரியவந்ததும் அந்த ஆணைக்கு மதிப்பில்லாமல் போனது. ஜனவரி 11 அன்று, மிச்சிகன் குளிரில், கம்பெனி வெப்பமூட்டியை நிறுத்தி உணவையும் தடுத்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளேயிருந்து கார்க் கதவின் கீல்கள் பறந்தன, தீயணைப்புக் குழாயிலிருந்து உறையும் தண்ணீர் பாய்ந்தது, காற்று திரும்பிப் புகை போலீஸ் மேலேயே வந்தது. போலீஸ் துப்பாக்கியால் சுட்டும் ஆலையைப் பிடிக்க முடியவில்லை. ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை வரவழைத்தார், ஆனால் தொழிலாளரை வெளியேற்ற அதை அனுப்ப மறுத்தார். 1894 இல் கிளீவ்லாந்து செய்ததையும் 1937 இல் மர்ஃபி செய்யாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மாறியது அரசு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான்.

44 ஆம் நாள், பிப்ரவரி 11 அன்று, உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி ஒரே ஒரு பக்கம் நீளமுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. தன் உறுப்பினர்களுக்காகப் பேசச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். கார்த் தொழிலாளர் சங்கம் ஒரே ஆண்டில் பல மடங்கு வளர்ந்தது. இரண்டு மாதம் கழித்து உச்ச நீதிமன்றமும் வாக்னர் சட்டம் செல்லும் என்றது.

அப்புறம்தான் வாசல் ஒவ்வொரு பலகையாக அடைக்கப்பட்டது. 1938 இல் உச்ச நீதிமன்றம், கூலிக்காக ஸ்டிரைக் செய்பவரை டிஸ்மிஸ் செய்யக் கூடாது, ஆனால் அவர் இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. இந்த வித்தியாசம் வக்கீலுக்குப் புரியும், வேலை போனவனுக்குப் புரியாது. 1939 இல் உள்ளிருப்புப் போராட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பு. 1947 இல் ஜனாதிபதி ட்ரூமன் தன் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியும் அதை மீறி நாடாளுமன்றமான காங்கிரஸ் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, வேறொரு கம்பெனியின் தொழிலாளருக்காக உன் கம்பெனியில் வேலையை நிறுத்தி நெருக்கக் கூடாது. அதாவது 1894 இல் டெப்ஸ் செய்ததைப் போன்றது இனிப் பெரும்பாலான தொழில்களில் சட்டவிரோதம். கூடவே, மாநிலங்கள் விரும்பினால் சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்குவதைத் தடை செய்யலாம். இதற்கு வைத்த பெயர் 'வேலை செய்யும் உரிமை'. பெயர் சூட்டியவர் கெட்டிக்காரர். இன்று 26 மாநிலங்களில் இந்தச் சட்டம் உண்டு. சந்தா கட்டாதவருக்கும் சங்கம்தான் பேசியாக வேண்டும்.

இருந்தும் 1950களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் சங்கத்தில் இருந்தார்கள். 1950 இல் கார்த் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விலைவாசிக்கேற்ற கூலி எல்லாம் கிடைத்தன. அரசிடமிருந்து எல்லோருக்குமாக வாங்க முடியாததைச் சங்கங்கள் கம்பெனியிடம் தம் ஆட்களுக்கு வாங்கின. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டிப்போடப்பட்டிருப்பதற்கு இது ஒரு காரணம். ஸ்டிரைக் என்றால் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டிய நிலை இதன் மறுபக்கம்.

வெளியே விடப்பட்டவர்கள் தம் வழியைத் தாமே வெட்டிக்கொண்டார்கள். புல்மன் பெட்டிகளில் பணியாளராக இருந்த கறுப்பினத்தவர்களைப் பயணிகள் முதலாளியின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்கள், அடிமைக்கு எசமான் பெயரை வைப்பதுபோல. டெப்ஸின் சங்கமும் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஃபிலிப் ராண்டால்ஃப் 1925 இல் இந்தப் பணியாளர்களுக்குச் சங்கம் தொடங்கி, 1937 இல் புல்மன் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார். மார்ட்டின் லூதர் கிங் பேசிய 1963 வாஷிங்டன் பேரணியை முன்நின்று நடத்தியதும் இதே ராண்டால்ஃப்தான். அதன் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. 1968 இல் கிங் சுடப்பட்டதும் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போன இடத்தில். குப்பை லாரியின் அழுத்தும் எந்திரத்தில் சிக்கி இருவர் செத்ததில் தொடங்கிய போராட்டம் அது. 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டி அவர்கள் நடந்தார்கள்.

கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 இல் திராட்சை பறிக்கும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். சீசர் சாவேஸும் டொலோரஸ் ஹுவெர்ட்டாவும் நடத்திய மெக்சிகோ வம்சாவளியினரின் சங்கம் சில நாளில் சேர்ந்துகொண்டது. விவசாயக் கூலிகளுக்கு வாக்னர் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதே காரணத்தால் டாஃப்ட்-ஹார்ட்லியின் தடையும் இல்லை! நாடு முழுக்கக் கடை கடையாகப் போய்த் திராட்சை வாங்காதீர்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. 1970 இல் தோட்ட முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

1981 ஆகஸ்ட் 3 அன்று சுமார் 13,000 விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மத்திய அரசு ஊழியர் ஸ்டிரைக் செய்வது சட்டவிரோதம். ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்து, திரும்பாத 11,345 பேரை டிஸ்மிஸ் செய்தார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம் அது. ரீகனே நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர்தான். தனியார் முதலாளிகள் இதிலிருந்து பாடம் படித்தார்கள். வேறு ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று 1938 தீர்ப்பு கொடுத்த ஆயுதம் துருப்பிடித்துக் கிடந்தது, அதை எடுத்துத் தீட்டினார்கள். 1970களில் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட வேலைநிறுத்தங்கள் ஆண்டுக்கு இருநூறுக்குக் குறைந்ததில்லை. 2009 இல் அவை ஐந்தே ஐந்து. எல்லாப் பழியையும் ரீகன் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆலைகள் தெற்கு மாநிலங்களுக்கும் வெளிநாட்டுக்கும் நகர்ந்தது முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் அரசு எந்தப் பக்கம் என்ற பழைய கேள்விக்கு அவர் சொன்ன பதில் எல்லோருக்கும் கேட்டது.

2024 இல் அமெரிக்க ஊழியரில் சங்க உறுப்பினர் 9.9 சதவீதம், தனியார் துறையில் மட்டும் பார்த்தால் 5.9. குறைந்தபட்சக் கூலி மத்தியச் சட்டப்படி 2009 இலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. மொன்டானாவைத் தவிர எல்லா மாநிலத்திலும் 'அட் வில்' வேலைதான் பொது விதி. காரணம் சொல்லாமல் இன்றே போகச் சொல்லலாம். அங்கே ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் இந்தச் சொல்லை நன்றாக அறிவார்கள். எச்1பி விசாவில் இருந்தால் வேலை போன நாளிலிருந்து அடுத்த வேலை தேட 60 நாள் கணக்கு வேறு ஓடும். தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு சாதாரண அமெரிக்கத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் சங்க ஒப்பந்தத்தின் வழியாகத்தான் வருகிறது.

2023 செப்டம்பரில் கார்த் தொழிலாளர் சங்கம், மூன்று பெரிய கம்பெனிகள் மேலும் ஒரே நேரத்தில், வரலாற்றில் முதல்முறையாக, வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு வாரத்தில் நல்ல கூலி உயர்வோடு முடிந்தது. அந்த ஒப்பந்தங்களில் கூலியைவிட என் கண்ணில் பட்டது முடிவுத் தேதிதான்: 2028 ஏப்ரல் 30. அமெரிக்க ஒப்பந்தங்களில் காலம் முடியும்வரை ஸ்டிரைக் செய்ய மாட்டோம் என்ற விதி வழக்கமாக இருக்கும். அடுத்தவருக்காக நிறுத்தி நெருக்குவதை 1947 சட்டம் தடுக்கிறது. ஆனால் பல சங்கங்களின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் முடிவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் ஒப்பந்தங்களையும் அதே தேதியில் முடியும்படி போடுங்கள் என்று அந்தச் சங்கத்தின் தலைவர் ஷான் ஃபெயின் மற்ற சங்கங்களைக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 30 நள்ளிரவோடு ஒப்பந்தம் முடிந்தால், மறுநாள் மே 1.